ஜிம்னாஸ்டிக்ஸ் கிரிப் வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள்

பிள்ளைகளுக்கு எது வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். பள்ளிக் காலணி, தீபாவளிக்கு எடுக்கும் பாவாடை சட்டை, நீச்சல் உடை என்று எல்லாவற்றுக்கும் "வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷமும் போடட்டும்" என்ற ஒரே கணக்குதான். காலணியில் இது பரவாயில்லை, முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சமாளித்துவிடலாம். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸில் பாரில், அதாவது குறுக்குக் கம்பியில், தொங்கிச் சுற்றும்போது கையில் மாட்டும் தோல் கிரிப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டால் மணிக்கட்டு முறியும் அளவுக்குப் போய்விடும். பிராண்டு, விலை, பக்கிளா வெல்க்ரோவா என்பதெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன், ஆனால் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இன்றைய கைக்கு இன்றைய அளவு.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு கிரிப் தேவைப்படுகிறது. மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள், அன்ஈவன் பார்ஸில் (வெவ்வேறு உயரத்தில் இருக்கும் இரண்டு கம்பிகள்) கிப், பேக் ஹிப் சர்க்கிள் போன்ற அடிப்படை அசைவுகள் எல்லாம் கைவந்து இப்போது ஜயண்ட், அதாவது கையை நீட்டியபடி பாரை முழு வட்டமாகச் சுற்றுவது, பழகிக்கொண்டிருக்கிறாள். அக்கா மகன் உயர்நிலையில் படிக்கிறான், அவனுக்கு ஹை பார் (உயரமான ஒற்றைக் கம்பி), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்) இரண்டும் உண்டு. இருவருக்கும் தேடுவது, அளவெடுப்பது, வரவழைப்பது, பழசு நைந்ததும் தூக்கிப் போடச் சொல்லி மல்லுக்கட்டுவது எல்லாமே என் பொறுப்பு. அதனால் மலிவானது, விலை கூடியது, குச்சி வைத்தது, வைக்காதது என்று பலவும் என் கைக்கு வந்து போயிருக்கின்றன.

கிரிப் எதற்கு என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பயிற்சிக்கூடத்தின் வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் பேசினால் பத்தில் எட்டுப் பேர் "கை உரியாம இருக்கத்தானே" என்றுதான் கேட்கிறார்கள். கை உரிவது ஓரளவு குறையும், அது உண்மை. ஆனால் கிரிப்பின் முக்கிய வேலை அது இல்லை. விரல் துளைகளுக்குச் சற்றுக் கீழே, கிரிப்பின் தோலுக்குள் ஒரு சிறு குச்சியை வைத்துத் தைத்திருப்பார்கள், டௌவல் என்பார்கள். பாரைப் பிடிக்கும்போது அந்தக் குச்சி தோலை மேடாக்கி, விரலுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு மடிப்பை உண்டாக்கும். அந்த மடிப்பு பாரைப் பற்றிக்கொள்வதால், உடம்பு கீழ்நோக்கி வீசும்போது விரல்களும் முன்கையும் முழுப் பாரத்தையும் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. ஜயண்ட் சுற்றும்போது கீழ்ப்பகுதியில் கையை இழுக்கும் விசை உடல் எடையைப் போல் சில மடங்கு இருக்கும். அந்த நேரத்தில் உதவுவதுதான் கிரிப். அதனால் கொப்புளத்துக்குப் பயந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு குச்சி வைத்த கிரிப் வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. அந்த வயதில் கை காய்த்துக் கெட்டிப்பட வேண்டும், பிடிக்கும் பலம் வர வேண்டும். எப்போது மாட்டலாம் என்பதைக் கோச் சொல்லட்டும். குச்சி இல்லாத சாதாரண பாம் கிரிப் (உள்ளங்கைக் கிரிப்) என்று ஒன்று உண்டு, வெறும் தோல், இரண்டு துளை, மணிக்கட்டில் பட்டை, அவ்வளவுதான். சில கோச்சுகள் அதில் ஆரம்பித்துவைக்கிறார்கள், சிலர் வெறுங்கையிலிருந்து நேராகக் குச்சி வைத்ததற்குப் போகிறார்கள். உலக அளவில் கிரிப்பே மாட்டாமல் பார் செய்யும் வீராங்கனைகளும் இருக்கிறார்கள். ஆகவே "எல்லாரும் போட்டிருக்காங்க, இவளுக்கும் வாங்கிடுவோம்" என்று அவசரப்பட வேண்டாம்.

இணையத்தில் தேடுவதே தனித் தலைவலி. ஷாப்பியிலோ லசாடாவிலோ கிரிப் என்று போட்டால் வந்து குவிவது பளு தூக்குவோர் போடும் கையுறை, கிராஸ்ஃபிட் ஆட்கள் மாட்டும் கிரிப், புல்-அப் எடுக்கும்போது மாட்டும் தோல்பட்டை. பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், படத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற சொல்லும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கிராஸ்ஃபிட் கிரிப்பில் பெரும்பாலும் குச்சி இருக்காது, தோலோ ரப்பர் கலந்த துணியோ இருக்கும், சிலவற்றில் விரல் துளையே இருக்காது. நின்ற இடத்தில் தொங்கி எழுவதற்கு அது போதும். உடம்பு முழு வட்டம் சுற்றும் இடத்துக்கு அது செய்யப்பட்டதில்லை. ஒரு கடையில் நான் பெண்கள் பார் கிரிப் என்று தெளிவாகக் கேட்டு எழுதி, "ஆண் பெண் இருவருக்கும் பொது" என்று அவர்கள் பதில் எழுதி, கடைசியில் பெட்டியைத் திறந்தால் மூன்று துளை கிரிப் இருந்தது. திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண் பெண் இருவருக்கும் பொது என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள், குச்சி வைத்ததில் அப்படி ஒரு பொதுக் கிரிப் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்குக் காரணம் பாரிலேயே இருக்கிறது. பெண்களின் அன்ஈவன் பார் ஃபைபர்கிளாஸ் உள்ளும் மர மேலுறையும் கொண்டது, சுமார் 40 மில்லிமீட்டர் குறுக்களவு. ஆண்களின் ஹை பார் எஃகு, 28 மில்லிமீட்டர்தான். ரிங்ஸ் மர வளையம், அதன் பருமனும் 28 மில்லிமீட்டர், ஆனால் அதை யாரும் ஹை பார் போல் சுற்றிச் சுற்றிப் பிடிப்பதில்லை, கை வளையத்தை இறுக்கிப் பிடித்தபடி வளையமே கூட வரும். இப்படி மூன்று விதமான பிடி இருப்பதால் கிரிப்பும் மூன்று விதம். பெண்களுக்கானதில் இரண்டு துளை, நடுவிரலும் மோதிர விரலும் போகும். ஹை பாருக்கு மூன்று துளை, ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொள்ளும். ரிங்ஸுக்கு மறுபடியும் இரண்டு துளை, ஆனால் குச்சி பருமனாக இருக்கும். ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றி மாட்டக் கூடாது, குறிப்பாக ரிங்ஸ் கிரிப்பை ஹை பாரில் மாட்டவே கூடாது. அக்கா மகனின் பையில் இரண்டு ஜோடியும் கிடக்கும். ரிங்ஸ் ஜோடியின் பட்டையில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறான், அவசரத்தில் கை மாறி எடுத்துவிடக் கூடாது என்று. பொம்மல் ஹார்ஸ், பேரலல் பார்ஸ், ஃப்ளோர், வால்ட் என்ற மற்ற பிரிவுகளுக்கெல்லாம் கிரிப் தேவையில்லை, பையனைச் சேர்த்த புதிதில் "எல்லாத்துக்கும் வாங்கணுமோ" என்று அக்கா கவலைப்பட்டதால் சொல்கிறேன்.

இப்போது அளவுக்கு வருகிறேன். தோல் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் என்ன ஆகும்? பாரைச் சுற்றிவரும்போது குச்சி இருக்கும் மடிப்பு பாரின் மேல் நிற்க வேண்டும். தோல் நீளமாக இருந்தால் அந்த மடிப்பு பாரைச் சுற்றி மேலும் உள்ளே போய், தோலுக்கும் பாருக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். கிரிப் லாக் என்கிறார்கள். கை அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், ஆனால் உடம்பு வந்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிச்சத்தை எழுதப் பிடிக்கவில்லை, மணிக்கட்டும் முன்கை எலும்பும் முறிகிற காயம் அது. ஹை பார் மெல்லியது என்பதால் அங்கேதான் இது அதிகம் நடக்கும். பெண்கள் பார் பருமனாக இருப்பதால் வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அத்தை, அதாவது என் மாமியார், இரண்டாவது ஜோடி வாங்கும்போது வழக்கம்போல "ஒரு சைஸ் கூட எடும்மா, காசு என்ன மரத்துலயா காய்க்குது" என்றார். அவருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. மகளே தன் கிரிப்பை மாட்டிக்கொண்டு வந்து, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி இருக்கிறதே, அதில் ஒன்றை உள்ளே எடுத்து வைத்துப் பிடித்துக் காட்டினாள். தோலைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக் குச்சி எப்படி கழியைச் சுற்றி வந்து உள்ளங்கைப் பக்கத்துக் கிரிப் தோலின்மேல் ஏறுகிறது என்று காட்டியதும் அத்தை "ஐயையோ, சரியான சைஸே வாங்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த மூங்கில் கழிச் சோதனை எல்லா வீட்டிலும் செய்யக்கூடியது. கழியில் தொங்க வேண்டாம், கழியைத் தரையோடு மட்டமாக யாராவது பிடித்துக்கொள்ள, பிள்ளை வெறுமனே கையால் பிடித்தால் போதும். ஆனால் அதற்கு முன் சரியாக அளவெடுத்திருக்க வேண்டும். மேசையில் கையை விரித்து வைக்கச் சொல்லுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மணிக்கட்டில் கை மடங்கும் ரேகை இருக்கும், அதிலிருந்து நடுவிரல் நுனி வரை நேராக அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் அளக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு வித்தியாசம் இருக்கும். தையல்காரர் டேப் வேண்டாம், அது கையின் வளைவோடு போய் அளவைக் கூட்டிவிடும். அப்புறம் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு எந்த பிராண்டை வாங்குகிறீர்களோ அதே பிராண்டின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். ஒரு பிராண்டின் 1 இன்னொரு பிராண்டின் 1 இல்லை, இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கூடப் பயிலும் பிள்ளையின் அம்மா "நாங்க 2 வாங்கினோம்" என்றால் எந்த பிராண்டில் 2 என்று கேளுங்கள். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் நான் சிறியதைத்தான் எடுக்கிறேன், கோச்சும் அதையே சொன்னார், ஏனென்றால் தோல் உழைக்க உழைக்க நீளும், ஒருபோதும் சுருங்காது.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டியது: பருத்தி ரிஸ்ட்பேண்டை முதலில் மாட்டி, அதன் மேல்தான் கிரிப்பைக் கட்டிப் பார்க்க வேண்டும். ரிஸ்ட்பேண்டின் தடிப்பு பட்டை உட்காரும் இடத்தை மாற்றிவிடும் என்பதால் வெறும் மணிக்கட்டில் போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. விரல்களைத் துளைக்குள் விட்டு, பட்டையைக் கட்டி, கையை நேராக நீட்டினால் குச்சி விரலின் மேல் மூட்டுக்கும் நடு மூட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். உள்ளங்கைக்கும் தோலுக்கும் நடுவில் லேசான இடைவெளி, ஒரு சின்ன மேடு தெரிய வேண்டும். மேடே இல்லாமல் தோல் விறைத்து விரலை முன்னால் மடக்கி இழுத்தால் கிரிப் சிறியது, பிள்ளையால் கையை முழுக்க விரிக்க முடியாது, விரல் இடுக்கு வலிக்கும். மேடு பெரிதாக வளைந்து நின்றால் கிரிப் பெரியது. பிறகு கழியைப் பிடிக்கச் சொல்லுங்கள். குச்சி கழியின் மேல் விரல்களுக்கு அடியில் படிந்து நின்றால் நல்லது, சுற்றிக்கொண்டு உள்ளங்கைப் பக்கம் வந்து கிரிப் தோலைத் தொட்டால் அந்த ஜோடியைத் திருப்பி அனுப்புங்கள். சுண்ணப்பொடி (வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் வெள்ளைப் பொடி) படுவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிட வேண்டும், பொடி பட்டதை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. கடைசியாகப் படம் எடுத்துக் கோச்சுக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது அடுத்த வகுப்பில் நேரில் காட்டுங்கள். எங்கள் கோச் பார்த்ததும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார், அந்தக் கண் நமக்கு வராது.

விரல் துளை புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். கத்தரியை எடுக்காதீர்கள். துளையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் அங்கிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். தடித்த மார்க்கர் பேனாவைத் துளைக்குள் மெதுவாகத் திருகித் திருகி விட்டால் தோல் இளகிக்கொடுக்கும், எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சரி, எது வாங்கலாம்? நான் பயன்படுத்தியதில் மகளுக்கு இப்போது இருப்பது ரைஸ்போர்ட், சுவிட்சர்லாந்து பிராண்டு, இரண்டு பக்கிள் வைத்தது. இதற்கு நான் மனதார நல்ல மதிப்பெண் கொடுப்பேன். தோல் கெட்டி, ஆரம்பத்தில் மிகவும் விறைப்பு, மகள் முதல் சில வகுப்புகளில் பிடிக்கவே முடியவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் படிந்த பிறகு அதே இடத்தில் நிற்கிறது, அவ்வளவு சீக்கிரம் நீளவில்லை, துளை ஓரங்கள் இன்னும் கெட்டியாக இருக்கின்றன. பக்கிள் வகையில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு முறையும் அதே துளையில் மாட்டினால் அதே இறுக்கம் கிடைக்கும், பிள்ளை தானே மாட்டிக்கொண்டாலும் மாறாது. குறை என்றால் மாட்டக் கழற்ற நேரம் எடுக்கும், பீம் என்ற கருவியிலிருந்து பாருக்கு ஓடிவரும் சுழற்சியில் மற்ற பிள்ளைகள் தொங்க ஆரம்பித்துவிட்ட பிறகும் இவள் பக்கிளோடு போராடிக்கொண்டிருப்பாள். மெல்லிய மணிக்கட்டு உள்ள பிள்ளைகளுக்குக் கடைசித் துளையில் மாட்டியும் தளரலாம், வாங்கும்முன் மணிக்கட்டுச் சுற்றளவையும் பாருங்கள்.

இதற்கு முன் இருந்தது வெல்க்ரோ வகை. மாட்டுவது சுலபம், எந்த மணிக்கட்டுக்கும் பொருந்தும், முதல் கிரிப்பாக வாங்குவதற்கு நல்லது என்றே சொல்வேன், விலையும் குறைவு. ஆனால் சுண்ணப்பொடி வெல்க்ரோவின் கொக்கிகளில் போய் அடைந்துகொள்ளும், பிடிப்பு மெல்ல மெல்லக் குறையும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் கூட ஓடும். நீங்கள் பட்டையைக் கையால் சற்றுப் பலமாக இழுத்துப் பார்த்து அது உரிந்துவந்தால் அந்த ஜோடியின் காலம் முடிந்தது. ஜயண்ட் சுற்றுகிற பிள்ளைக்கு அந்த நிலையில் ஒருநாள்கூட விட்டுவைக்காதீர்கள். பெய்லி, கிப்சன், யூஎஸ் குளோவ், ஸ்பீத் போன்ற பெயர்களும் பயிற்சிக்கூடத்தில் கண்ணில் படும், அவற்றைச் சொந்தமாக வைத்துப் பழகாததால் மதிப்பெண் போட மாட்டேன், கோச் சொன்னால் தயங்காமல் பாருங்கள். பெயர் தெரியாத மிக மலிவான ஒன்றை அக்கா அவசரத்துக்கு வாங்கியிருந்தாள். குச்சி தைத்த இடத்தின் தையலே வளைந்திருந்தது, குச்சி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கோச் அதை மாட்டவே விடவில்லை. இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் பிடிக்கப் போய் இருபது வெள்ளியும் போனது.

புதுக் கிரிப்பை மாட்டியதும் நேராக ஜயண்டுக்குப் போகக் கூடாது. எங்கள் கோச் சொன்ன முறை இதுதான்: தோலை முன்னும் பின்னும் கையால் நன்றாக உருட்டி, சுண்ணப்பொடி தேய்த்து, முதலில் சும்மா தொங்குவது, பிறகு சின்ன வீச்சு, பிறகு காஸ்ட், கிப் என்று படிப்படியாக. நடுவில் பழைய ஜோடிக்கு மாறிக்கொள்ளலாம். தோல் விரலுக்குப் படிந்து, குச்சிக்கு மேலே மடிப்பு விழுந்தால்தான் அது அந்தப் பிள்ளையின் கிரிப். இதற்குச் சில வாரம் பிடிக்கும், அதனால் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் போல ஏதாவது வருகிறது என்றால் அதற்கு வெகு முன்பாகவே வாங்கிவிடுங்கள். போட்டி நாளில் புதுக் கிரிப் என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம். அதேபோல் தோழியின் கிரிப்பை இரவல் வாங்குவதும் கூடாது, அது அவள் கைக்குப் படிந்தது. பழைய பொருள்களை விற்கும் கேரசல் தளத்தில் பழைய கிரிப் பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். லியோடார்டு (பயிற்சி உடை) வாங்குங்கள், பை வாங்குங்கள், கிரிப் மட்டும் வேண்டாம். எவ்வளவு நீண்டிருக்கிறது, உள்ளே எங்கே நைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

பராமரிப்பில் நம் ஊர்த் தட்பவெப்பம்தான் பெரிய எதிரி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வேர்வையில் நனைந்த தோலை பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈரத் துண்டோடு பயிற்சிப் பையின் அடியில் போட்டு, வார இறுதிவரை விட்டால் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிடும், வாடையும் போகாது. எங்கள் வீட்டில் வந்த உடனே பையிலிருந்து எடுத்து, மின்விசிறிக் காற்றில் மாட்டிவிடுவது விதி, குளிக்கப் போவதற்கு முன்பே. வெயிலில் வைக்கக் கூடாது, தோல் காய்ந்து வெடிக்கும். தண்ணீரில் அலசவும் கூடாது. பயிற்சிக்குக் கொண்டுபோக ஒரு பருத்திச் சுருக்குப் பை போதும், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவைக்கிறேன். உள்பக்கம் பொடி அப்பி வழவழவென்று மின்ன ஆரம்பித்தால் சிறு கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், மினுமினுப்பு வந்த தோல் பாரில் வழுக்கும். ரிஸ்ட்பேண்டை மட்டும் வாரா வாரம் துவைத்துவிடுங்கள், இரண்டு செட் இருந்தால் வசதி.

புது ஜோடி வந்த அன்றே அதை ஒரு தாளின் மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, தேதி போட்டு, மகளின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை கிரிப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். "இன்னும் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வார்கள், பழகிய கிரிப்பை விட மனசு வராது, அப்போது அந்தத் தாளைக் காட்டினால் வாக்குவாதம் முடிந்துவிடும். நீளம் தவிர, விரல் துளையின் ஓரத்தில் கீறல், குச்சிக்குப் பக்கத்தில் வெடிப்பு, பட்டை சேரும் இடத்தில் தையல் விட்டிருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துப் போடலாமா என்று அக்கா கேட்டாள். பக்கிள் பட்டையில் கூடுதலாக ஒரு துளை போட்டுத் தரச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். கிழிந்த தோலில் போட்ட தையல் ஜயண்டின் இழுவையைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கை உரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிப் போட்டாலும் உரியும், புதிதில் குச்சிக்குக் கீழே புதிய இடங்களில் உரியும். காய்ப்பு மேடாக வளர்ந்தால் அதுதான் பாரில் மாட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும், அதனால் குளித்த பிறகு கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம், பயிற்சிக்கு முன்னால் மட்டும் தடவாதீர்கள்.

எங்கே வாங்குவது என்பதுதான் இங்கே எல்லாருக்கும் இருக்கும் கேள்வி. லிம் ஹீம் வெய் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் ஜிம்னாஸ்டாகப் போனார், தோக்கியோவுக்கு டான் ஸி என் போனார், பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் கூட்டமும் குறைவில்லை. ஆனாலும் பூப்பந்து மட்டை, காற்பந்துக் காலணி மாதிரி குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கிப் போட்டுப் பார்த்து வாங்கும் சரக்காக இது இன்னும் ஆகவில்லை. அதனால் முதலில் உங்கள் கிளப்பிலேயே கேளுங்கள். சில கிளப்கள் மொத்தமாக வரவழைத்துத் தருகின்றன, அங்கே அளவு பார்க்க மாதிரி ஜோடிகளும் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, சில வெள்ளி கூடக் கொடுத்தாலும் அங்கேயே வாங்குங்கள். இல்லையென்றால் வெளிநாட்டுக் கடைதான். குச்சி வைத்த நல்ல பக்கிள் ஜோடி எனக்கு அனுப்பும் செலவோடு நூறு வெள்ளியை ஒட்டி வந்தது. 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினாலும், பதிவுபெற்ற விற்பனையாளர் என்றால் ஜிஎஸ்டி சேரும், இப்போது அது 9 விழுக்காடு. விலையைப் பார்த்ததும் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அனுப்பும் செலவுதான் அதிகம் என்பதால் அதே வகுப்பில் இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம், தலைக்குக் கணிசமாகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் அந்தந்த வாரமே புதிதாக எடுத்துப் போடுங்கள், போன வருட அளவைப் பார்த்து வேண்டாம். நைந்துபோவதற்கு முன்பே அடுத்த ஜோடியை வரவழைத்து, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைப் படியவைப்பதுதான் சரியான முறை. பிள்ளை வேகமாக வளர்கிற சமயம் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள், மூன்றாவது ஜோடியைத் திறக்கும்போது கை அதைத் தாண்டிப் போயிருக்கும்.